புள்ளக்காம்பராவில் பழக்கலவை

1. மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அறைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் பழம் கொடுக்க ஆபீஸில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஃபேக்டரி கேண்டீனில் ராசண்ணன் வாழை, ஆரஞ்சு, பப்பாளி, பேரிக்காய் எல்லாம் நறுக்கி, ஒரே டப்பில் கலந்து டிராக்டரில் அனுப்புவார். பிள்ளைகள் தட்டை நக்கிவிட்டுத்தான் தருவார்கள்.

ஒரு நாள் டிராக்டர் ரிப்பேராகி, பழம் மத்தியானத்துக்குத்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு. அதில் ஒருத்தி விஜயாவின் மகள் கனிஷ்கா, மூன்று வயது. துவண்டுபோய் என் தோளில் கிடந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. வாழைப்பழமும் ஆரஞ்சும் வயிற்றில் சேர்ந்தால் விஷமாம். விஜயா என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, உங்கள நம்பித்தானுங்க புள்ளய உட்டுட்டுப் போறேன். கண்டதையும் கலந்து குடுத்துப் போட்டீங்களே!"

மறுநாள் புள்ளக்காம்பராவில் பிள்ளைகள் படுக்கும் பாய்களில் பாதி காலி.

2. காட்டெருமை

நல்லவேளை, மற்ற இரண்டு பிள்ளைகளோடு கனிஷ்காவும் தேறிவிட்டாள். ஆனால் விஜயா அவளை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தாள். தேயிலைச் செடிக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டுக் கொழுந்து பறிப்பாள். ஒரு நாள் சோலைக்காட்டிலிருந்து காட்டெருமை ஒன்று அந்தப் பக்கமே இறங்கிவிட்டது. பிள்ளையை வாரிக்கொண்டு ஓடியதில் விஜயா விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன்.

"இனியாவது கொண்டாந்து உடு புள்ள" என்றேன்.

"காட்டெருமை வந்தா கண்ணுக்குத் தெரியுதுங்க்கா, தூக்கிட்டு ஓடலாம். தட்டுல இருக்கற விஷம் எனக்குத் தெரியுமாங்க?"



3. ராசண்ணனின் அக்கறை

எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் எதையும் நேராகப் பேசுகிறவர்.

"வாழைப்பழமும் ஆரஞ்சும் வயித்துக்குள்ள சண்டையா போடும்? கலந்து சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நல்லதுதான். ஒவ்வொரு பழத்துல ஒவ்வொரு சத்து. ஒத்துக்காத பழம்னா தனியாத் தின்னாலும் ஒத்துக்காது. அத விடுங்க, நறுக்கி எத்தன நேரம் கழிச்சுக் குடுத்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த பழ நாளில் காலையிலேயே கேண்டீனுக்குப் போனேன். டப்பைக் காணோம்.

"டிரையர் பக்கமா வெச்சிருக்கேனுங்க" என்றார் ராசண்ணன். "விடியக்காலைலயே நறுக்கிட்டேன். இந்தக் குளிருல பழம் ஐஸாட்டம் இருக்குதுங்க. பச்சப் புள்ளைகளுக்குச் சளி புடிச்சுக்குமில்லீங்க? குளிரு உடட்டும்னு எப்பவும் அங்கதான் வெக்கறது."

டிரையர் என்றால் தேயிலையைக் காய வைக்கும் மெஷின். அந்தப் பக்கம் போனாலே முகத்தில் அனல் அடிக்கும். டப்பில் கை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மூடியைத் திறந்தால் புளிப்பு வாடை.

"அட என்ற கடவுளே! ஏனுங்ண்ணா, இதென்ன கொழுந்துங்களா, டிரையர்கிட்ட வெக்கறதுக்கு? அன்னிக்கு டிராக்டர் வர்ற வரைக்கும் இங்கயேதான் இருந்துச்சா?"

"ஆமாங்க, அங்கயேதான் இருந்துச்சுங்க" என்று சொல்லி, மனுஷன் டப்பைத் தூக்கிக் குப்பையில் கொட்டினார். சிஸ்டரிடம் சொன்னதும், "அதேதான். நறுக்கின பழம் அந்தச் சூட்டுல கெடாம என்ன செய்யும்?" என்றார்.

4. பெரட்டுக்களத்தில் ஒரு தட்டு

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ராசண்ணன் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். நான் அங்கேயே பழத்தைக் கழுவி, நறுக்கி, வாழையும் ஆரஞ்சும் கலந்து ஒரு தட்டு சாப்பிட்டேன். வேறு யாரும் தட்டு வாங்க வரவில்லை. விஜயா மட்டும் வந்தாள். ஒரு தட்டு வாங்கி முழுக்கத் தின்றாள். முதுகிலிருந்த பிள்ளைக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அப்படியே மலைக்குப் போய்விட்டாள். இனி நம் பாடு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள்தான் முதல் ஆளாக வந்தாள். முதுகுத் துணியை அவிழ்த்து, கனிஷ்காவை என் மடியில் உட்கார வைத்தாள்.

"நேத்துப் பூரா என்ற வயித்தையே பாத்துட்டு இருந்தேனுங்க்கா. ஒண்ணும் ஆகல. எனக்கு ஏதாச்சும் ஆனாப் பரவால்லைன்னுதானுங்க தின்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போகிற போக்கில் திரும்பி, "ஆரஞ்சுல கொட்டைய எடுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள்.

அதன் பிறகு கேண்டீனிலிருந்து முழுப் பழமாகத்தான் வந்தது. பிள்ளைகள் கை கழுவி, தட்டோடு என் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் நான் கத்தியை எடுப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.