சனிக்கிழமைச் சோறும் நரி வழக்கும்

"சனிக்கிழமைகளில் இந்த நரிக்குச் சாப்பாடு வைப்பது யார்?"

விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கறிஞர் ஒலிவாங்கியில் இதைக் கேட்டபோது, கவுன்சில் மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் நான் வாக்குமூலத் தாளோடு நின்றுகொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். அதை அந்த மண்டபத்துக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டை வைப்பவர் என் பக்கத்துக் கதிரையில் கோட் போட்டுக்கொண்டு இருந்த வரதராஜா அங்கிள்.

அங்கிள் அப்பாவின் நண்பர். பத்தொன்பது வருடம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முதுகு போன பிறகு, மெல்பேர்னுக்குக் கிழக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் துண்டுக் காணி வாங்கிக் கோழி வளர்க்கிறார். மல்கிரேவ், கிளென் வேவர்லி தமிழ் வீடுகளுக்கு முட்டை கொடுப்பதுதான் பிழைப்பு. நான் பள்ளி முடித்துவிட்டு, என்ன படிப்பதென்று முடிவில்லாமல் இருக்கிறேன். லைசன்ஸுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க நூற்றிருபது மணித்தியாலம் வண்டி ஓடிக் காட்ட வேண்டும். அதனால் அவருடைய முட்டை வான் வண்டியை நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் இருந்து பிரேக்கை மிதிப்பதுபோல் காலை ஊன்றுகிறார்.

கடந்த குளிர்காலத்தில் அவருடைய தொண்ணூறு கோழிகளில் நாற்பத்தேழை நரி கொண்டுபோனது. வேலிக்கு அப்பால் கவுன்சில் நிலம். அங்கே ஒரு வேட்டைச் சங்கம் குதிரைகளோடும் நாய்களோடும் நரி துரத்தும். அதைத் தடைசெய்யக் கோரி விலங்குச் சங்கம் வழக்குப் போட்டது. முதலில் அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள் என்று நீதிமன்றம் கவுன்சிலுக்கே திருப்பி அனுப்பியது. வேட்டைக்காரர்கள் வந்து, உங்களுக்காகத்தான் போராடுகிறோம் என்றார்கள். எதிர்ப்பாளர்கள் வந்து, நாய்கள் நரியைக் கிழிக்கும் படங்களைக் காட்டினார்கள். அங்கிள் அந்தப் படங்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு பகுதியும் என்ர தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போகுது, வினுஷா. ஒருத்தனாவது வேலியைக் குனிஞ்சு பார்த்தவனே?"

ஆனாலும் அவருக்குப் பயம். தடை வந்தால் மிச்சம் நாற்பத்து மூன்றும் போய்விடும் என்று நினைத்தார். அவருக்காக நான் ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதி, மண்டபத்தில் வாசிக்கவும் ஒத்துக்கொண்டேன். ஒவ்வொரு கோழியும் காணாமற்போன நாளை அட்டவணையாகவும் இணைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த அட்டவணையைத்தான் வழக்கறிஞர் தூக்கிப் பிடித்தார். "முப்பத்தொரு கோழிகள் ஞாயிறு காலையில்தான் இல்லாமற்போயிருக்கின்றன. ஏன்?" பிறகு திரையில் ஒரு படம். அவர்களுடைய ஆட்கள் கவுன்சில் நிலத்தில் வைத்த கமெரா எடுத்தது. வேலியோரத்தில் எவர்சில்வர் தட்டு. அதில் எள்ளுச்சோறு. தலை குனிந்து தின்கிறது நரி.

அங்கிளுக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமை தோறும் விரதமிருந்து காகத்துக்குச் சோறு வைப்பார். வான் கழுவும்போது அந்தத் தட்டை நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஞாயிறு, ஞாயிறு என்று என் கையாலேயே எழுதியும் யோசிக்கவில்லை.

சாப்பாடு வைப்பது யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அங்கிள் எழும்பினார். "அது நரிக்கில்லை, காகத்துக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "காகத்துக்கு ஏன்?" என்றார் வழக்கறிஞர். அங்கிள் நேர்மையாகப் பதில் சொன்னார்: "ஐ ஹேவ் சாட்டர்ன்."

பின்வரிசையில் ஒருவன், "அது தொற்றுமா?" என்று கேட்டான். மண்டபம் சிரித்தது. வேட்டைச் சங்கத் தலைவர் தன் கதிரையை எங்களிடமிருந்து தள்ளிப் போட்டார். கடைசியில் கவுன்சில் முடிவை ஆறு மாதம் தள்ளிவைத்தது.

திரும்பும்போது நான் கொதித்துக்கொண்டு ஓட்டினேன்.

"ஏன் அங்கிள் முதலே சொல்லேல்ல?"

"நீ கேட்கேல்லையே."

"கோழி போகத் தொடங்கின பிறகாவது நிப்பாட்டியிருக்கலாமே?"

"நிப்பாட்டுறதோ? கோழி போறது சனியாலதானே. அதான் ரெண்டு அகப்பை கூட்டி வைச்சனான்."

"என்ன?"

"பிள்ளை, சிவப்பு! சிவப்பு!"

பிரேக்கை அடித்தேன். பின்னால் இரண்டு தட்டு முட்டை உடைந்தது.

"காகம் எப்பவாவது வந்து திண்டதா?"

"இந்த நாட்டுக் காகத்துக்கு எங்கட சோறு பிடிக்கேல்ல போல."

"அப்ப தட்டைத் திருப்பி எடுக்கிறதுதானே?"

"வைச்சதை எடுக்கிறது பாவம்."

வீட்டுக்கு வந்ததும் கோயில் குருக்களுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முழுவதையும் கேட்டுப் பெருமூச்சு விட்டார். "கூரைமேல வையுங்கோ. காகம் வராட்டி பொழுது சாய முதல் எடுத்துக் கோழிக்குப் போடுங்கோ. அதுவும் பறவைதானே. இதுக்கோ கவுன்சில் வரைக்கும் போனனீங்கள்?"

"இந்த முதுகோட கூரையில ஏறுறதோ?" என்று அங்கிள் முணுமுணுத்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை தட்டு கோழிக் கொட்டிலின் கூரைக்கு ஏறியது. முதுகு வலியோடு அவர் வேலியடியில் கம்பி வலை புதைத்தார், நான் மண் வெட்டினேன். எட்டு வாரத்தில் இரண்டு கோழிகள் போயின. நரி இன்னும் வருகிறது, ஆனால் சனிக்கிழமை என்று பார்த்து வருவதில்லை. சங்கங்கள் இரண்டும் இன்னும் வானொலியில் அடித்துக்கொள்கின்றன. நாற்பத்தொரு கோழிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

காகத்துக்குச் சோறு வைக்கும் எத்தனையோ வீடுகள் இங்கே உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். அங்கிளின் பெயரையும் போடலாம். கேட்டேன், "போடு, இனி என்ன வெட்கம்" என்றார்.