கண்ணாடியை நம்பாத டிரைவர்

என் கணவர் ஓய்வு பெறும்வரை தண்ணீர் லாரி ஓட்டினார். கொச்சியில், குழாயில் தண்ணீர் வராத மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குள் அந்த லாரியைக் கொண்டுபோய், ஒரு சுவரிலும் உரசாமல் வெளியே எடுப்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையில் பாதி, பின்னால் நின்று வண்டியைத் தட்டிக்கொடுத்த கிளீனருக்குச் சேர வேண்டியது. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். "வரட்டே, வரட்டே" என்று குரல் வந்தால் பின்னால் எடுக்கலாம். லாரி போனது, கிளீனர் போனார். பழைய சின்னக் கார் ஒன்று வந்தது. கிளீனர் வேலை எனக்கு வந்தது.

நான் நர்ஸ். வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டதால், ஏஜென்சி மூலம் தற்காலிக வேலைகளுக்குப் போகிறேன். எங்கள் பக்கம் நர்ஸிங் படித்தவர்கள் படித்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஏறாமல் தங்கிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு மாவட்டம் முழுக்க வேலை கிடக்கிறது. ஒருத்தி பிரசவ லீவில் போவாள், இன்னொருத்தி ஜெர்மன் பரீட்சைக்குப் படிக்கப் போவாள். அந்த இடத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நான். ஏஜென்சிப் பெண் போனில், "சேச்சி, நாளை முதல் காக்கநாடு போகப் பற்றுமோ, முடியுமோ?" என்று கேட்பாள். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள், முன்னறையில் அவர் கார்ச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்கும்.

வேலைக்குப் போவது நான், கிளம்புவது அவர். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் சீப்பு, நான்கு டயருக்கும் ஆளுக்கொரு உதை. தண்ணீர் தளும்பிவிடும் என்று பயந்து ஓட்டிப் பழகிய கால், இந்தக் காரிலும் அதே பயத்தோடுதான் மிதிக்கிறது. வேக முள் நாற்பதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பைக்கில் மீன் கொண்டுவரும் சேட்டன் எங்களைத் தாண்டிப் போவார். அடுத்த வளைவில் யார் வீட்டிலோ நிறுத்தி மத்தி விற்றுக்கொண்டிருப்பார். சில்லறை கொடுத்து முடித்துவிட்டு மறுபடியும் எங்களைத் தாண்டிப் போவார்.

பின்னால் எடுப்பதுதான் பெரிய கூத்து. "கண்ணாடி இருக்கில்ல, அதுல பாத்தா என்னவாம்?" என்று கேட்டால், "கண்ணாடியெல்லாம் நம்பக் கூடாது. ஆளு நின்னு சொல்லணும்" என்பார். அதனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் முதல் நாள் என்னை எல்லோரும் பார்ப்பது வார்டில் அல்ல, வண்டி நிறுத்துமிடத்தில். வெள்ளை யூனிஃபார்மோடு காரின் பின்னால் நின்று, "வரட்டே, வரட்டே" என்று கத்திக்கொண்டிருப்பேன். ஒரு இடத்தில் வாட்ச்மேன் என்னிடம் மரியாதையாக வந்து, அந்த வேனுக்கும் கொஞ்சம் பின்னால் நின்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துக் கடந்துபோகிற விஷயமாகத்தான் இருந்தது, பறவூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை வரும்வரை. ஃபோர்ட்கொச்சியில் காரை ஜங்கார் என்கிற வண்டிப் படகில் ஏற்றி, காயல் கடலில் சேரும் அழிமுகத்தைக் கடந்து, வைப்பின் தீவின் நீளம் முழுக்கப் போக வேண்டும். ஜங்கார் வரிசையில் யாராவது மூக்கை நுழைத்தால் அவர் ஒதுங்கிக்கொடுப்பார். "பாவம், அவசரமா போறான், போட்டும்." அவசரமாகப் போக வேண்டிய ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது.

அங்கே இரவு டியூட்டியில் இருந்தவள் தீவின் வடகோடி முனம்பத்துக்காரி. மகள் வயது. வார்டில் ஒரு சட்டம் உண்டு: பகல் நர்ஸ் வந்து நோயாளிகளைப் பொறுப்பேற்றுக்கொள்ளும்வரை இரவு நர்ஸ் வாசலைத் தாண்டக் கூடாது. எனக்குத் தாமதமானால் அவளுடைய பஸ் போய்விடும். அடுத்த பஸ் அதற்கு மனசு வரும்போது வரும். வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை. புட்டிப்பாலைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை, ஆயா சொன்னார். அவள் நான் எப்போது நுழைந்தாலும் சிரிப்பாள்.

ஒரு நாள் கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்தபடியே பேசினாள். வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கத் தயங்கினாள். கொடுத்தபோதுதான் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சாரமில்ல சேச்சி, பரவால்ல" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காரணம் சொல்ல வராது, குத்தல்தான் வரும். "உங்க வண்டில நான் போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுறாரு. நாளைலேர்ந்து நான் பஸ்ல போய்க்கிறேன்." அவர் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

பஸ்ஸில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். முனம்பத்துக்காரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். வீட்டில் அவரோ, ஒரு அடிகூட நகராத காரைத் தினமும் கழுவினார். ஒரு நாள் சாயாக்கடைக்காரர், "என்ன சேட்டா, ஓட்டம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பதும், "வண்டிக்குக் கொஞ்சம் ரிப்பேரு" என்று இவர் சொல்வதும் என் காதில் விழுந்தது. வண்டிக்கு ஒரு ரிப்பேரும் இல்லை. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஆனாலும் மறுநாளும் பஸ்ஸில்தான் போனேன்.

அப்புறம் ஹர்த்தால் வந்தது. எங்கள் ஊரில் நாளைக்கு ஹர்த்தால் என்று டிவியில் சொன்னால், உடனே கோழிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். நானும் போய் நின்றேன். கோழி கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நாளை பஸ் கிடையாது. எனக்கும் இல்லை, முனம்பத்துக்காரிக்கும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அவர் டிவி முன்னால் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். நான் கேட்பேன் என்று அவரும், அவரே சொல்லட்டும் என்று நானுமாகக் கோழியைத் தின்று முடித்தோம்.

காலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கார், மூக்கைச் சுவரில் முட்டாத குறையாக நின்றிருந்தது. முன்கண்ணாடியில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், மலையாளத்தில், ஹாஸ்பிடல் டியூட்டி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இத்தனையும் செய்துவிட்டு உள்ளே பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை. எனக்கும் வாய் திறந்து கேட்க ரோஷம் விடவில்லை. காரின் பின்னால் போய் நின்று இரண்டு தட்டு தட்டினேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். "இப்படியா அடிக்கிறது? பெயின்ட்டு போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

ஜங்கார் ஓடாததால் எர்ணாகுளம் சுற்றிப் பாலங்கள் வழியாகப் போனோம். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதும் சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்த பிறகுதான் எடுத்தார். வல்லார்பாடத்தில் ஓரங்கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. முனம்பத்துக்காரியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் சொல்லிவிட்டேன், நனைந்த சட்டை உட்பட.

"இத ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

கொஞ்ச நேரத்தில் காரின் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். முள் அறுபதில் இருந்தது. எங்கள் மகள் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று காருக்குள் எல்லோரும் கத்தியபோதுகூட மசியாத மனிதர். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முனம்பத்துக்காரி, அவள் ஊர்ப் பக்கம் போகிற ஆம்புலன்ஸ் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுப்பை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தேன். "என் வீட்டுக்காரர்தான். வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுடுவாரு, பயப்படாத" என்றேன். பின் சீட்டில் ஏறியவள் சாய்ந்தாள். நான் கதவைச் சாத்துவதற்குள் தூங்கிவிட்டாள்.

இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், பின்னால் ஒரு தூண். நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்று, "வரட்டே" என்று வாயைத் திறந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினார். தலையை நிமிர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவளையும் பார்த்திருப்பார். பிறகு, ஒரு ஸ்கூட்டரிலும் உரசாமல், தூணையும் தொடாமல், அவள் தலை அசையாதபடி தானே பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார். நான் தட்டத் தூக்கிய கையோடு நின்றேன்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்தார். குழந்தை பால் குடித்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததாம். நல்ல பலமாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வண்டி நகரவில்லை.

"என்ன?" என்றேன்.

"பின்னாடி யாரு நிக்கிறது?" என்றார்.

காலையில் நான் பார்த்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இறங்கிப் போய்ப் பின்னால் நின்று, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "வரட்டே, வரட்டே" என்று கத்தினேன்.