ஓடுபாதையில் மட்டும் ஒருமை

வல்லிநாயகம் பிறந்த வீட்டில் யாரும் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் வீடு. சுந்தரபாண்டியபுரத்தில் வயல். வேலைக்கு வரும் ஆளைக்கூட ‘வாங்க, இருங்க’ என்றுதான் அழைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மெட்ராஸுக்குக் கல்லூரியில் படிக்கப் போய், விமானம் ஓட்டப் பழகிவிட்டு வந்து நின்றார். அப்போதும் யாரும் சத்தம் போடவில்லை. “மேல போனா குளிருமாமே, மப்ளர் வச்சிருக்கியா?” என்று அம்மா கேட்டதோடு விஷயம் முடிந்தது.

பின்னாளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், அவர் கேப்டனானார். ஊரில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லப் பழகப் பட்ட பாடு, மனைவி இராமலட்சுமிக்கும் கேப்டன் சேக் தாவூதுக்கும் மட்டுமே முழுசாகத் தெரியும்.

சேக் தாவூது கடையநல்லூர்க்காரர். யுத்த காலத்தில் பர்மாப் பக்கம் சரக்கு விமானம் ஓட்டியவர். மூன்று டகோட்டா விமானங்களை வைத்துக்கொண்டு சரக்கும் ஆட்களும் ஏற்றிய ஒரு சின்ன மெட்ராஸ் கம்பெனியில் அவர் கேப்டன். ஐம்பத்தேழில் வல்லிநாயகம் அங்கே துணை விமானியாகச் சேர்ந்தார். ஊர்ப்பேச்சு காதில் விழுந்த மாத்திரத்தில் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. வல்லிநாயகம் முதல் நாளே ‘அண்ணாச்சி’ என்றார். சேக் தாவூது முதல் நாளே ‘ஏலே’ என்றார்.

டகோட்டா தரையில் நிற்கும்போது வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓடி ஓரளவு வேகம் பிடித்த பிறகுதான் வால் எழும்பும். அதுவரை இடது ஆசனத்திலிருக்கும் கேப்டனுக்கு வலது பக்கம் முன்னால் வருவது சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்தையும் எஞ்சின் மானிகளின் முட்களையும் பார்த்துச் சொல்வது துணை விமானியின் பொறுப்பு.

ஐம்பத்தெட்டின் தொடக்கத்தில் ஒருநாள் விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. வலது எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் கீழே சரிவதை வல்லிநாயகம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. வலது எஞ்சின் பக்கம் கொஞ்சம் பாத்தீங்கன்னா, ஆயில் பிரஷர் லேசா எறங்குத மாதிரி...”

வாக்கியம் முடிவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. சேக் தாவூது பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எஞ்சினை அணைத்தார். ஒற்றை எஞ்சினோடு ஒரு வட்டமடித்து வந்து இறக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே இறங்கியதும் தொப்பியைக் கழற்றி விமானத்தின் இறக்கை மேல் வைத்தார்.

“ஏலே, என்ன, கல்யாணப் பத்திரிகையா வாசிக்க? ‘நிகழும் மங்களகரமான’ன்னு ஆரம்பிச்சு மாப்பிள்ள பேருக்கு வாரதுக்குள்ள நாம கெளம்பியாச்சு!”

“பெரியவங்கள எடுத்தெறிஞ்சு எப்பிடிச் சொல்லுததுன்னு...”

“ஓடுபாதையில நான் பெரியவனும் இல்ல, அண்ணாச்சியும் இல்ல. ஏதாச்சும் கோளாறுன்னு பட்டா ‘நில்லு’ன்னு சொல்லு. நான் மொதல்ல நிறுத்துவேன். பெறவுதான் ஏன்னு கேப்பேன்.”

“நில்லுங்கன்னு சொல்லட்டுமா அண்ணாச்சி?”

“அந்த ‘ங்க’வுல நூறு அடி போயிரும்லே!”

சொல்வது எளிது. வல்லிநாயகத்துக்கு வாய் வரவில்லை. தனியாக அறையில் சொல்லிப் பார்த்தால் வந்தது. எதிரே மீசையோடு யாராவது நின்றால் தானாகவே ‘ங்க’ ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் குற்றாலச் சீசனுக்கு விடுப்பில் ஊருக்கு வந்தபோது இராமலட்சுமியிடம் சொன்னார். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“குத்தாலத்துக்குப் போவோம். அருவிச் சத்தத்துல அங்கன யாருக்கும் கேக்காது. இஷ்டத்துக்குக் கத்துங்க” என்றாள்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். சாரல் முகத்தில் அடித்தது. கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு பாறையருகே நின்றுகொண்டு வல்லிநாயகம் அருவியைப் பார்த்து “நில்லு!” என்றார். பிறகு இன்னும் பலமாக. தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒரு வெளியூர்க்காரர், ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். வல்லிநாயகத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, திரும்பி, “நில்லு!” என்று ஒரு போடு போட்டார்.

எதிரே, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, அவர்களோடு வந்திருந்த மாமனார் நமசிவாயம் வந்துகொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். கலெக்டர் வந்தாலும் தாம் உட்கார்ந்த பிறகுதான் உட்காரச் சொல்லும் மனிதர் அவர்.

“எட்டி இராமலட்சுமி, ஒம் மாப்பிள்ள என்னைய நில்லுங்காரு!”

“ஒங்கள இல்லப்பா, ஏரோப்ளேனை!”

“ஏரோப்ளேன் எங்கட்டி இருக்கு இங்கன?”

அவருக்கு எவ்வளவு விளக்கியும் புரியவில்லை. இரண்டு வேளை மருமகனோடு பேசவில்லை. ஆனால் வல்லிநாயகத்துக்கு உள்ளே ஏதோ ஒன்று உடைந்து வழிவிட்டது. மாமனாரையே நிறுத்தியாயிற்று, இனி யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

திரும்பி வந்த சில வாரங்களிலேயே நிறுத்தினார். விமானம் ஓடத் தொடங்கியதும் ஒரு முள் பொத்தென்று விழுந்தது. “நில்லு!” என்றார். சேக் தாவூது நிறுத்திவிட்டார். திறந்து பார்த்தால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, முள்தான் கோளாறு. வெயிலில் காத்திருந்த பயணிகள் முணுமுணுத்தார்கள். கம்பெனி மானேஜர் எல்லார் எதிரிலும் வல்லிநாயகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“விமானத்துக்குக் கேப்டன் யார்? நீங்களா, அவரா?”

வல்லிநாயகத்தின் காது மடல் சிவந்தது. ‘இனிமேல் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சேக் தாவூதுக்கு அது முகத்திலேயே தெரிந்துவிட்டது போலும்.

“நான் சொல்லச் சொன்னதத்தான் அவன் சொன்னான். கேக்குறதா இருந்தா என்னையக் கேளுங்க” என்று மானேஜரை அனுப்பிவிட்டு, காண்டீனில் இரண்டு டீ வாங்கி வந்தார்.

“ஏலே, நாளைக்கும் அந்த முள் விழுந்தா என்ன செய்வ?”

“மறுபடி ஒருக்கப் பாத்துட்டு...”

“தப்பு.”

வல்லிநாயகம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “நில்லுன்னு சொல்லுவேன்” என்றார்.

“சும்மா நின்னதுக்கு நான் என்னைக்காவது ஒன்னய ஏசுனா, அன்னைக்கு நீ எங்கூடப் பறக்காத” என்றார் சேக் தாவூது.

அடுத்த மார்கழியில், போர்க்காலத்தில் போட்ட ஒரு பழைய ஓடுபாதையிலிருந்து ஜவுளி வியாபாரிகள் சிலரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். காலை வெயில் பனியின் மேல் பட்டுக் கண் கூசியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் அனுமதி வந்தது. சேக் தாவூது எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசையை முன்னால் தள்ளினார். டகோட்டா உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வால் இன்னும் எழும்பவில்லை. மைதானத்தில் புல் அறுப்பதற்கு யாருக்கோ அனுமதி கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. பனிக்குள்ளிருந்து புல்லுக்கட்டு ஏற்றிய லாரி ஒன்று வலது பக்கமாக ஓடுபாதையில் ஏறுவதை வல்லிநாயகம் பார்த்தார்.

“நில்லு!”

ஐந்தருவியில் போட்ட அதே சத்தம். சேக் தாவூதின் கை அந்த நொடியே விசையைப் பின்னால் இழுத்தது. பிரேக்கை மிதித்தார். விமானம் இடதுபுறம் இழுத்தது, குலுங்கியது, தேய்ந்த ரப்பர் நாற்றத்தோடு நின்றது. மூக்குக்கு முன்னால், பத்துப் பதினைந்து கெஜத்தில், லாரி குறுக்கே நின்றது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடினான். பின்னால் ஒரு வியாபாரியின் தூக்குச்சட்டி உருண்டு, சாம்பார் அடுத்தவர் வேட்டியில் கொட்டியிருந்தது. அந்தச் சண்டை மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இப்ப சொல்லு, ஏன்?” என்றார் சேக் தாவூது. நிமிர்ந்து எட்டிப் பார்த்ததும் லாரி தெரிந்தது.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, மரியாதையில்லாம...” என்று தொடங்கினார் வல்லிநாயகம். சேக் தாவூது கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

லாரியை அப்புறப்படுத்தினார்கள். விமானத்தோடு வந்த மெக்கானிக் மசூது சக்கரத்தையும் பிரேக்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சரியென்றார். பனி விலகியது. வியாபாரிகள் ஒருவர் விடாமல் மறுபடியும் ஏறி உட்கார்ந்தார்கள். ஓடுபாதையின் முனையில் விமானத்தைத் திருப்பி நிறுத்திய சேக் தாவூது, விசையிலிருந்து கையை எடுத்தார்.

“இந்தத் தடவை நீ கெளப்பு. நான் பாத்துச் சொல்லுதேன்.”

வல்லிநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு விசையைப் பிடித்தார். விமானம் ஓடியது. வால் எழும்பியது. முன்னால் ஓடுபாதை சுத்தமாக நீண்டு கிடந்தது.

“பாதை சுத்தம்” என்றார் சேக் தாவூது. “முள்ளு சரி. வேகம் சரி. தூக்கு!”

வல்லிநாயகம் தூக்கினார்.