வெள்ளைப் புள்ளி விதை

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதுவும் ஒரு ரப்பர் விதையால் மூன்றாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டியது. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றைக்கும் கூச்சம். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், செலண்டாருக்குப் பக்கம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடம் முந்தி. பள்ளிக்கூடம் ஒரே அறை, வாத்தியாரும் ஒருவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போடும்போது பலகையிடம்தான் பேசுவார். வலது கை எழுதிக்கொண்டே போகும், இடது கையில் இருக்கிற துணி பின்னாலேயே அழித்துக்கொண்டு போகும். வகுத்தலில் மீதி எங்கேயிருந்து வந்தது என்று நான் தேடுவதற்குள் பலகை கறுப்பாகிவிடும். யாராவது கேட்டால் பிரம்பு மேசையில் ஒரு தட்டு. அதனால் யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் மலாக்கா டவுனிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். அவரைப் பார்த்ததுமே நான் முன் பெஞ்சில் இருந்தவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் வாத்தியாரை வெளியே மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, பலகைக்குப் பின்னால் இரண்டு பிஸ்கட் டின்களை வைத்தார்.

"பிள்ளையள், வாத்தியார் சொல்லித்தாறது விளங்குது எண்டால் ஜன்னல் பக்க டின்னிலை ஒண்டு போடுங்கோ. விளங்கேல்லை எண்டால் கதவுப் பக்க டின்னிலை போடுங்கோ. ஆர் போட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பொய் மட்டும் வேண்டாம்."

எதைப் போடுவது என்று ஒரு பையன் கேட்டான். அது ரப்பர் காய் வெடித்து விதை சிதறுகிற காலம். எல்லார் மடியிலும் பையிலும் ரப்பர் விதை இருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவில் இரண்டு விதையை வைத்து அழுத்தி, எது உடைகிறது என்று பந்தயம் போடுவோம். ஐயா அதைப் பார்த்துச் சிரித்து, "உதிலை ஒண்டைப் போடுங்கோவன்" என்றார்.

டவுன்காரருக்கு ரப்பர் விதை எல்லாம் ஒன்றுதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஒரு மரத்து விதையின் கோடும் புள்ளியும் இன்னொரு மரத்து விதையில் இருக்காது. அது கீழ் லயத்து மரம், இது கோயில் மரம் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவோம். என் விதை தண்ணீர்த் தொட்டி மரத்தில் பொறுக்கியது. முதுகில் வெள்ளைப் புள்ளி. பதினோரு விதையை உடைத்த விதை. ஒருமுறை வாத்தியாரே அதைப் பிடுங்கி வைத்து, எந்த மரத்தடியில் பொறுக்கினாய் என்று விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பயத்தில் இது ஒன்றும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பொய் வேண்டாம் என்று அவர் சொன்னது மட்டும் காதில் நின்றது. எனக்கு முன்னால் போனவர்களின் விதைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மெதுவாகச் சத்தம் போட்டன. என் விதை கதவுப் பக்கத்து வெறும் டின்னில் டங்கென்று விழுந்தது. அறை முழுக்கக் கேட்டது.

பெஞ்சுக்குத் திரும்பியதும் பக்கத்தில் இருந்த கங்காணி மகள் என் காதோரம் குனிந்தாள்.

"புள்ளி வெதையவா போட்ட?"

"ஆமா."

"அது உன்னோடதுன்னு வாத்தியாருக்குத் தெரியாதா? நாங்கல்லாம் எதுக்கு ஜன்னல் பக்கம் போட்டோம்னு நெனச்ச? செத்தடி நீ."

கடைசியில் ஐயா ஏதோ எழுதிக்கொண்டு, இரண்டு டின்னையும் வாத்தியார் கையிலேயே கொடுத்தார். "நீங்களே பாருங்கோ மாஸ்டர், உதவியா இருக்கும்." நல்லதை நினைத்துத்தான் கொடுத்திருப்பார்.

வாத்தியார் கோபப்பட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டிவிடுவார் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பெயர் போனால் மறுநாளே அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய், பால் வடிகிற மங்கு துடைக்க வேண்டும். அதற்கப்புறம் எனக்கு எழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். உண்மையிலேயே வலித்தது. அதற்கு அடுத்த நாள் அம்மா விடவில்லை.

"வலின்னா வெளக்கெண்ண குடி. இல்லேன்னா பள்ளிக்கூடம் போ. ரெண்டும் வேணாம்னா பெரட்டுல பேர் குடுத்துட்டு வேலைக்கு வா, மங்கு தொடைக்க ஆள் பத்தல."

போனேன். வாத்தியார் மேசைமேல் என் விதை தனியாக இருந்தது. மற்றவர்களை விளையாட அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிரம்பு அதே மேசையில்தான் கிடந்தது. என் கண் அதை விட்டு நகரவில்லை.

"இது தொட்டி மரத்து வெத. உன்னோடதுதானே?"

தலையை ஆட்டினேன்.

"எது வெளங்கல?"

  அவர் அடிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் பலகையை, அதன்கீழ் தொங்கிய துணியைக் காட்டினேன்.

"அழிச்சிடுறீங்க சார்."

அவர் துணியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்க டின்னில் கையை விட்டு அளைந்தார். "இவங்களுக்கெல்லாம் வெளங்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.  யாரையாவது காட்டிக் கொடுத்துவிடுவேனோ என்று நான் கதவைப் பார்த்தேன். விதையை என் கையில் வைத்து, "போ" என்றார். பெயரை வெட்டிவிட்டாரா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சனி ஞாயிறு நான் விளையாட வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டபோது என் பெயரும் வந்தது. மேசைமேல் ஒரு சாக்கு. உள்ளே ரப்பர் விதை. எல்லாம் கோயில் மரத்து விதை, ஒன்றுபோல ஒன்று. அவரே போய்ப் பொறுக்கியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து, ஒரு கணக்குக்கு ஒன்று என்றார். கணக்கு முடிந்ததும் பலகைக்குப் பின்னால் அதே இரண்டு டின். கதவுப் பக்க டின்னுக்குள் பலகை அழிக்கிற துணியை மடித்துப் போட்டிருந்தார், சத்தம் வராது.

 இந்த முறையும் நான் கதவுப் பக்கம்தான் போட்டேன்.

வாத்தியார் அந்த டின்னிலிருந்து விதைகளை அள்ளி மேசைமேல் வைத்து எண்ணினார். பதினாறு விதை. நாங்கள் மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். கங்காணி மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் முகம் எதையும் பார்க்கவில்லை. சாக்கட்டியை எடுத்து அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து எழுதினார். துணி டின்னுக்குள்ளேயே கிடந்தது.