இரவல் துப்பாக்கி

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவில் நீலமேகத்துக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரித் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் பிழைப்பு. முகத்துவாரத்தை மணல் மூடிப்போன வருஷம் இறால் உள்ளே வரவே இல்லை. பொழுதெல்லாம் துழாவினாலும் குழம்புக்குக்கூடத் தேறவில்லை.

அப்போதுதான் பிரபாகரன் கூப்பிட்டு அனுப்பினான். பொன்னேரி சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். சனி ஞாயிறு காரில் வருகிறவர்களுக்குக் காட்டு வாத்து வறுவல் மறைவாகக் கிடைக்கும் இடம் அது. ஒரு நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான்.

"துப்பாக்கி என்னுது. சுடறது நீ. வர்றதுல பாதி உனுக்கு."

"போலீசு புட்சா இன்னாண்ணே பண்றது?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போய் சுடு."

பாதி என்பது பேச்சோடு சரி. வெடிமருந்துக்கு, குழலில் போடும் பால்ரஸ் இரும்புக் குண்டுக்கு, துப்பாக்கி வாடகைக்கு என்று கழித்துக்கொண்டு கொடுத்தது அரிசிக்கே இழுபறியாக இருந்தது. கடையில் இலை எடுக்கும் பிலோமினா, அந்த வாத்து ஒரு தட்டு என்ன விலைக்குப் போகிறது என்று ஒருநாள் சொன்னாள். நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு மறுநாள் விடிகாலையும் ஏரியில் இறங்கினான்.

தை மாதத்தில் ஒரு காலை, விசையை அழுத்தியதும் குழலே வெடித்தது. வாத்துகள் கும்பலாக எழும்பிப் போயின. அவன் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை.

மனைவி ஜமுனா அவனை ஷேர் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பட்டாசு வெடித்தது என்று சொல்லிப் பார்த்தான். டாக்டர் காயத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் நீலமேகம் எதையும் மறைக்கவில்லை. பிரபாகரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெள்ளைச் சட்டையில் வந்தான். "இவன் யாருன்னே தெரியாது சார். எப்பவோ கடைக்கு நண்டு விக்க வந்திருப்பான்" என்றான் அவன். பிலோமினாவைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள்.

"துப்பாக்கி அவனுதுன்னு நீ சொல்ற. சாட்சி யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி உன் கையில இருந்திருக்கு. உள்ள போறதுக்கு அது ஒண்ணே போதும். பறவை சுட்டதுக்குப் பாரஸ்ட்காரங்க கேஸ் தனி."

புழல் சிறையில்தான் அவன் கைக்கட்டைப் பிரித்தார்கள். வக்கீல் கிடைத்துவிட்டார் என்று ஜமுனா ஒருமுறை வந்து சொன்னாள். எப்படி என்று கேட்டான். "தம்பி பாத்துக்கறான்" என்றதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. ஜமுனாவின் தம்பி ரமேஷ் ஈரச் சாக்கோடு உள்ளே வந்தான். அவன் சட்டையில் கருமருந்து நாற்றம்.

"துப்பாக்கி யார்ரா குட்த்தது? அந்தப் பிரபாகரனா?"

"வக்கீலுக்குக் காசு யாரு மாமா குடுப்பாங்க? அவருதான் குட்த்தாரு. வாத்து சுட்டு அந்தக் கடனக் கழிக்கணும்."

நீலமேகம் துண்டை விலக்கி வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

ரமேஷ் பார்த்தான். "இது புதுத் துப்பாக்கி மாமா" என்றான்.

நீலமேகம் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். இந்த முறை பிரபாகரனைத் துப்பாக்கியோடு கையும் களவுமாகக் காட்டிக்கொடுத்துவிடலாம். பழவேற்காடு கடைத்தெருவரை அந்த வேகம் இருந்தது. துப்பாக்கி யாருடைய கையில் இருக்கும்போது என்ற நினைப்பு அங்கேதான் வந்தது. பிடிபடப்போகிறவன் ரமேஷ். பிரபாகரன் அப்போதும் வெள்ளைச் சட்டையில் வந்து, இவன் யாரென்றே தெரியாது என்பான்.

மீன் ஏற்றிய வண்டிகள் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தன. அவன் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தான். பிறகு ஓரமாக வந்து, வீட்டுக்குத் திரும்பினான்.