செல்வியின் கதவில் இருந்த கயிறு

போன செவ்வாய்க்கிழமை காலை திருவொற்றியூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. விலங்கியல் பூங்காவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில், காக்கிச் சட்டையில் தேசப்பன் சிரிக்கும் படம். கீழே, "நம்ம தேசப்பண்ணன் போயிட்டாரு. காசிமேட்டு வூட்டாண்டருந்து மூணு மணிக்கு எடுக்குறாங்க" என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன. நானும் ஒன்றைத் தேடி எடுத்தேன். அனுப்ப விரல் வரவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாத்தூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் பூங்காவுக்கு வருவதற்கு முன் தேசப்பன் விசைப்படகில் கடலுக்குப் போனவர். விலங்கியல் பட்டத்தோடு நான் மேற்பார்வையாளராக வந்து இறங்கியபோது, செல்வி என்ற பெண் சிம்பன்சியை அவர் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாரமே யாரோ கம்பியோரம் வைத்த ஸ்பானரைச் செல்வி எடுத்துக்கொண்டது. நான் அதட்டினேன். அது ஸ்பானரோடு உச்சிக்கு ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. தேசப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். "புடுங்க நெனைக்காத சார். நீ புடுங்கினா அவளுக்கு அது பொக்கிஷம் ஆயிடும். மாத்திக்கோ" என்றார். கம்பிக்கு வெளியே பழத்தை நீட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி நின்றார். செல்வி இறங்கி வந்து ஸ்பானரைக் கொடுத்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

செல்வியின் கூண்டுக் கதவில் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருந்தது. விடாமல் ஆட்டினால் பூட்டோடு சேர்த்துக் கொக்கியே கழன்றுவிடும் என்று அவர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். இரண்டு காகிதமும் என் மேஜையில்தான் தூங்கின. அதனால் அவர் தன் கையை நம்பினார். படகில் பழகிய பச்சை நைலான் கயிற்றால் தாழ்ப்பாளையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து, செல்வியின் பல்லுக்கு எட்டாத இடத்தில் கட்டிவிடுவார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. சாயங்காலம் பூட்டியதும் கட்டுவார், காலையில் வந்ததும் அவிழ்ப்பார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அது அவிழாது.

ஒருமுறை பெரிய அதிகாரிகள் மறுநாள் பார்வையிட வருவதாக இருந்தது. தேசப்பன் கட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நான் சுற்றி வந்தேன். கழுவிச் சுண்ணாம்படித்த கூண்டில் அந்தக் கயிறு என் கண்ணை உறுத்தியது. அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. பழம் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து அறுத்து, பையில் போட்டுக்கொண்டேன். காலையில் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் செல்வி கேன்டீன் கூரைமேல் இருந்தது. கீழே தடியும் வலையுமாக ஒப்பந்த ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் டேங்கர் லாரிகள் போகும் சாலை. மருத்துவர் மயக்க ஊசித் துப்பாக்கியைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஊசி பட்டு அந்த உயரத்திலிருந்து விழுந்தால் பிழைக்காது என்று அவரே சொன்னார். அப்போதுதான் தேசப்பன் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். "இன்னாத்துக்கு இத்தினி பேரு? அவளே பயந்துகினு கீறா. எல்லாரும் வேலைய பாக்குற மாதிரி நடங்க" என்றார். பிறகு வேப்பமரத்தடியில் செல்விக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்தார். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு செல்வி இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. இருவரும் கடலை தின்றார்கள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்கு நடந்து போனார்கள். துப்பாக்கி, வலை, என் பட்டம் எல்லாம் சும்மா வேடிக்கை பார்த்தன.

செல்வியை உள்ளே விட்டு, சங்கிலி சுற்றி வேறு பூட்டுப் போட்ட பிறகுதான் அவர் கதவைத் தடவிப் பார்த்தார். கயிறு இல்லை. தரையில் தேடினார், பகலில் அதை மாட்டிவைக்கும் ஆணியில் தேடினார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"சார், நேத்து நான் கயிறு கட்னேனா இல்லையா? நீங்க கடைசியா சுத்தி வந்தீங்களே, பாத்தீங்களா?"

கயிறு அப்போது என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

"கவனிக்கலையே தேசப்பன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயசாயிடுச்சு போல சார்" என்றார்.

அறிக்கையை எழுதியதும் நான்தான். காப்பாளரின் கவனக்குறைவு என்று எழுதினேன். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அவரை மான்கள் பக்கம் மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அந்த அறிக்கையை நம்பித்தானே நீங்களும், பாவம், வயசான காலத்தில் மறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டீர்கள். செல்வி பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக வந்தவர் ஒருவரின் விரலைக் கடித்தது. போய்ப் பாருங்களேன் என்று நான் ஒருமுறை தேசப்பனிடம் சொன்னேன். "வேணாம் சார். அவ ஊசி பட்டுக் கீழ வுழுந்திருந்தா அது நான் பண்ணது. இன்னா மூஞ்ச வெச்சிகினு போறது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாவு வீட்டில் அவர் மகள் கஸ்தூரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். காசிமேட்டில் மீன் ஏலத்தில் எடுத்து விற்கிறாள். "நைனா உங்கள பத்தி நல்லா சொல்லும் சார்" என்றாள். "ஆனா அந்தக் கொரங்கு மேட்டர் அத்த உட்டுப் போவவே இல்ல. தெனம் வாசக்கதவ சாத்திட்டு நாலு வாட்டி இழுத்துப் பாக்கும். கஸ்தூரி, நான் சாத்துனேன் இல்ல, நீ பாத்த இல்லன்னு கேட்டுகினே இருக்கும். போன வாரம் கூட கேட்டுச்சு."

உடலை எடுக்கும் முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்றபோது மேஜையைக் காலி செய்து வீட்டுக்குக் கொண்டு வந்த சாமான்களோடு அதுவும் வந்திருந்தது. நான் அறுத்தது கயிற்றின் சுற்றைத்தான்; அவர் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கயிற்றை வாங்கினாள். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நைனா போட்ட முடிச்சுதான்" என்றாள். "அப்ப கட்டித்தான் கீது."

"ஆமாம்மா. கட்டியிருந்தார்."

என் கையை இழுத்து, கயிற்றை அதில் வைத்தாள்.

"இத்த நீங்களே வெச்சுக்கோங்க சார். எனுக்கு எங்க நைனாவ தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தும் சத்தமும், அவள் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டன.

தேசப்பனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த முடிச்சு ஒன்றுதான். அதை எனக்கு அவிழ்க்கத் தெரியாது. அன்று அவர் கட்டிவிட்டுத்தான் போனார். கேட்டவருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.