தெரிந்தே வாங்கிய பிள்ளையார்

சிறுசேரியில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைக் கட்டியவன் என் மச்சான். மனைவியின் தம்பி, ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். சிலையை ஒரு லோடு ஆட்டோக்காரனிடம் வாங்கியதாக மட்டும் சொல்லியிருந்தான்.

பிரதிஷ்டை முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை அபிஷேகத்தின்போது மாமல்லபுரத்திலிருந்து இரண்டு சிற்பிகள் வந்தார்கள். மூத்தவர் சிலையின் தும்பிக்கையில் ஓடிய வெள்ளை ரேகையைத் தொட்டார்.

"இது நான் செதுக்கினதுபா. பட்டறையிலிருந்து தூக்கிட்டாங்க."

"எல்லாக் கல்லுலயும்தான் கோடு கீது. போய்யா, பெருசு," என்றான் மச்சான்.

இளையவர் மச்சானின் சட்டையைப் பிடித்தார். மச்சான் அவர் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று ரத்தத்தோடு பால் குடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மூத்தவர் விலக்கிவிட வந்தார். மச்சான் பந்தலின் இரும்புக் குழாயை உருவி, சுத்தியல் பிடிக்கும் அவருடைய வலது கையில் இரண்டு முறை இறக்கினான். எலும்பு முறிந்ததைக் காதால் கேட்டேன். தடுக்கப் போன என் தோளிலும் குழாய் பட்டது.

மூத்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் அவர் முன்னால் நின்று கத்தினான்:

"ஆமாண்டா, திருட்டுப் புள்ளையாருதான்! அது தெரிஞ்சுதான் தேடிக்கினு போய் வாங்கினேன். கடையில வாங்கறதுக்கு இன்னா பவரு கீது?"

திருடி வந்து வைத்த பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறவர்கள் உண்டு. கூட்டத்தில் சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது ஆட்டோவில் மனைவி சொன்னாள்: "அடிச்சதைச் சொல்லுங்க, ஊரே பாத்துச்சு. அந்தப் பேச்சு மட்டும் உங்க காதுல விழலை."

இன்ஸ்பெக்டர் கேட்டதும் அதைத்தான்.

"அடிதடி கேஸ் தனி சார். சிலை இவன்கிட்ட இருந்தது மட்டும் திருட்டுக் கேஸுக்குப் பத்தாது. திருட்டு மால்னு தெரிஞ்சே வாங்கினான்னு காட்டணும். தெருவுல ஒருத்தரும் வாயைத் தொறக்கல. நீங்க எதுனா கேட்டீங்களா?"

வாசல் பெஞ்சில் மூத்த சிற்பி இருந்தார். கட்டுப் போட்ட கையிலிருந்து விரல்கள் வீங்கி நீலமாக வெளியே தெரிந்தன. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் கத்தியதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

சுவரோரம் நின்றிருந்த மச்சானின் முகம் மலர்ந்தது.

"அப்டி சொல்லு மாமா! சார், நான் சிலையைத் திருடல. சாமிக்குப் பவர் வரணும்னுதான் திருடுன சிலையா கேட்டு வாங்கினேன். இதுல இன்னா தப்பு கீது?"

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவனை அறைந்தார். தலை சுவரில் மோதியது. மூக்கிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, எதற்கு அடி விழுந்தது என்று தெரியாமல், அவன் என்னைப் பார்த்தான்.

மனைவி என்னுடன் திரும்பி வரவில்லை.